கொர்லாய் கரையில் ஆச்சி

மும்பையில் வாழும் நம்மில் பலருக்கு விடுமுறை என்றால் ஊருக்குப் போவது என்றே அர்த்தம். மே மாதம் பிறந்ததும் மூட்டை முடிச்சுகளோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறுகிறோம். ஜூன் முதல் வாரத்தில் கருப்பட்டியும் கருவாடுமாகத் திரும்பி வருகிறோம். பிழைக்க வந்த இந்த மண்ணைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நானும் இருபத்திரண்டு வருஷங்களாகப் பார்த்ததில்லை. கடந்த டிசம்பர் மாதக் கடைசியில், கர்த்தருடைய கிருபையால், குடும்பமாக மூன்று நாட்கள் அலிபாக், ரேவ்தண்டா கடற்கரைப் பகுதிக்குச் சென்று வந்தோம்.

உல்லாசத்துக்காகப் புறப்பட்டோம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, இரவு சாப்பாட்டின்போது, என் மாமியார் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "என்னைய ஊர்லயே கொண்டு விட்டுருங்க. இங்க நான் யாருகிட்டப் பேச?"

1969இல் நாசரேத் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாராவிக்கு மணப்பெண்ணாக வந்தவர் அவர். அந்தச் சந்து முழுவதும் தமிழ்தான் கேட்கும். தண்ணீர்க் குழாயடிச் சண்டைகூடத் தமிழில்தான் நடக்கும். இப்போது நாங்கள் தானேயைத் தாண்டி அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். பக்கத்து வீட்டுக் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் இந்தியில் பேசிக்கொள்கிறார்கள். பதினான்கு வயது மகள், ஆச்சி எதைக் கேட்டாலும் "ஹாங்", "நஹீ" என்று இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுவாள். குற்றம் அவளுடையது அல்ல. அவள் இரண்டாம் வகுப்பு படிக்கையில், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்து அப்படியே செய்தேன்.

என் கணவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து, "எல்லாருமா ஒரு இடத்துக்குப் போயிட்டு வருவோம், அதுக்கப்புறம் அம்மா விஷயத்தை முடிவு பண்ணுவோம்" என்றார்.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. அங்கிருந்து பேருந்தில் அலிபாக். வழிநெடுக கடற்காகங்களுக்கு ரொட்டித்துண்டு வீசுகிறவர்களின் கூச்சலைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. அலிபாகில் கடலுக்குள் நிற்கும் குலாபா கோட்டை 1680இல் சிவாஜி மகாராஜா கட்டத் தொடங்கியது. பின்பு கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் பலமான நிலையமாக இருந்தது. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். ஆச்சியைக் குதிரை வண்டியில் ஏற்றினோம். சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த கோட்டைக்குள்ளே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று உண்டு. ஆச்சி அதை வெகுநேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊருக்குள் ஒரு காந்தவியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மும்பையில் மின்சார டிராம் வண்டிகள் வரவிருந்ததால் காந்த அளவைகள் கெட்டுவிடும் என்று 1904இல் கொலாபாவிலிருந்து இங்கே மாற்றினார்களாம். என் கணவர் இதை மூன்று முறை சொல்லிவிட்டார். நானும் ஒரு முறை எழுதிவிட்டேன்.

வாசகர்களுக்கு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அந்த ஊரின் இஸ்ரவேல் தெருவைப் பற்றித்தான். 'இஸ்ராயேல் ஆளி' என்று இன்றும் அதற்குப் பெயர். அங்கே 'மாகேன் அபோத்' என்னும் யூத ஜெப ஆலயம் இருக்கிறது. பெனே இஸ்ராயேல் என்று அழைக்கப்படும் இந்த மக்களின் முன்னோர் வந்த கப்பல், அலிபாகுக்கு வடக்கே நவ்காவ் அருகில் பாறையில் மோதி உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மாத்திரம் கரை சேர்ந்தார்கள் என்றும் அவர்களுடைய பாரம்பரியம் சொல்லுகிறது. புத்தகச்சுருள்கள் யாவும் கடலோடு போயின. எபிரெய மொழி மறந்துபோயிற்று. கொங்கணக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள், மராத்தி பேசினார்கள், குடியிருந்த ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்து ரோஹேகர், பேண்கர் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைத்தார்கள். உபாகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து வரும் ஷெமா ஜெபத்தின் வார்த்தைகளும் அவர்கள் நாவில் தங்கியிருந்தனவாம். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரவேல் தேசத்துக்குக் குடியேறிவிட்டார்கள். தெருவில் சில குடும்பங்களே மீந்திருக்கின்றன.

இதைக் கேட்ட என் மகன், "மொழி போனாலும் ஓய்வுநாள் நின்றதே, அம்மா, அப்படியானால் மொழி அவ்வளவு முக்கியமில்லையா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கமும் வரவில்லை.

மறுநாள் ரேவ்தண்டா. தென்னையும் பாக்கும் நெருங்கி நிற்கும் தோப்புகளுக்கு நடுவே போர்த்துக்கீசியர் கட்டிய மதிலும், இடிந்த ஆலயங்களும், ஏழடுக்கு என்று பேர்பெற்று இப்போது மேலடுக்குகளை இழந்து நிற்கும் கோபுரமும் இருக்கின்றன. பழைய சௌல் துறைமுகப் பட்டணம் இதுவே. நிகிதின் என்னும் ருஷ்ய வணிகர் 1469ஆம் ஆண்டு வாக்கில் இங்கே வந்து இறங்கினார். அவருக்கு ஒரு நினைவுத்தூணும் உண்டு. 1740இல் போர்த்துக்கீசியர் இந்த இடத்தை மராத்தியரிடம் விட்டுப் போனார்கள்.

போனவர்கள் போனார்கள். போகாத கிறிஸ்தவ ஜனங்கள் குண்டலிகா ஆற்றின் மறுகரையில், மலைக்கோட்டையின் அடிவாரத்தில் உள்ள கொர்லாய் கிராமத்தில் தங்கிவிட்டார்கள். நாங்கள் அங்கே போனபோது வெயில் ஏறியிருந்தது. கர்மேல் மாதா ஆலயத்துக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில், ஏறக்குறைய ஆச்சியின் வயதுள்ள ஒரு மூதாட்டி மீன் உலர்த்திக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டோம். ஆச்சி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வருஷ மும்பை வாழ்க்கையில் ஆச்சி கற்ற மராத்தி, மீன் விலை பேசவே போதுமானது. அதற்கு மேல் ஓடவில்லை. அப்போதுதான், பள்ளியில் மராத்தி படிக்கும் என் மகள், யாரும் கேளாமலே நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, அவங்க வீட்டில வேற மொழி பேசுறாங்களாம். மராத்தி இல்லையாம்" என்றாள். திக்கித் திக்கி வந்தது. ஆனால் தமிழில் வந்தது.

"என்ன பாஷைன்னு கேளு."

கேட்டாள். அந்த மூதாட்டி சிரித்துக்கொண்டு, "நோ லிங்" என்றார். எங்கள் மொழி என்று அர்த்தமாம். போர்த்துக்கீசியமும் மராத்தியும் கலந்து இங்கேயே பிறந்த பேச்சு. பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் படிப்பது மராத்தியில். போர்த்துக்கீசியர் போய் இருநூற்று எண்பது வருஷங்களுக்கு மேலாகியும் அடுப்படியிலும் திண்ணையிலும் அது உயிரோடிருக்கிறது.

"பேரப்பிள்ளைங்க பேசுதாங்களான்னு கேளு" என்றார் ஆச்சி.

மகள் உடனே கேட்கவில்லை. சற்று நேரம் ஆச்சியின் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள். மூதாட்டி கையை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். ஊரில் இருக்கிற பிள்ளைகள் பேசுகிறார்களாம். வேலைக்கென்று மும்பைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்குப் புரியுமாம், வாய் வராதாம். அதை மொழிபெயர்க்கையில் மகளின் குரல் தாழ்ந்துபோயிற்று. நான் ஆலயக் கதவைப் பார்ப்பதுபோல் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது, உலர்த்தியிருந்த மீன்களை ஒவ்வொன்றாகத் தொட்டு மகள் கேட்க, ஆச்சி தமிழ்ப் பேரும் மூதாட்டி தன் மொழிப் பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் அப்படியே கழிந்தது. கோட்டை மேல் நானும் ஏறவில்லை. என் கணவரும் மகனும் மட்டும் ஏறி இறங்கினார்கள். அடுத்த நாள் முருடில், கடல் நடுவே நிற்கும் ஜஞ்சிரா கோட்டையைக் கரையிலிருந்தே பார்த்துத் திரும்பினோம். பாய்மரப் படகில் ஏறி இறங்க ஆச்சியால் இயலவில்லை.

வீடு வந்த பின் ஒரு வாரம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் என் கணவரே மெல்லக் கேட்டார். மே மாதம் ஊருக்குப் போவது உறுதி என்றார் ஆச்சி. "இவளையும் என்னோட அனுப்பு, லீவு முடியறவரைக்கும் இருக்கட்டும்" என்று மகளைக் காட்டினார். மகள் மறுப்பாள் என்றே எதிர்பார்த்தேன். அவளோ, அங்கே நெட்வொர்க் கிடைக்குமா என்று கேட்டாள், தமிழில்.

இருவருக்கும் போகும் டிக்கெட் எடுக்க வேண்டும். மகளுக்குத் திரும்பி வரவும் எடுப்போம். ஆச்சி தமக்கு அதைப்பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.