ஒட்டுப்போட்ட பற்சில்லு

மலைநாட்டில் வாழ்வோர்க்கு லாண்ட் ரோவர் வண்டியை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த அவ்வண்டி, பின்னர் நம் தேயிலைத் தோட்டங்களிலே துரைமாரையும் சுமந்தது; உரமூட்டைகளையும் சுமந்தது; அவசர வேளையில் நோயாளரையும் சுமந்தது. அவ்வினத்தைச் சேர்ந்த பழைய டிபெண்டர் ஒன்று எம்மிடமும் உண்டு.

2022ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒருநாள், நோர்வூட்டுக்கு மேலேயுள்ள தோட்டப் பாதையொன்றில் மரக்கறி மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தோம். வண்டியின் அடியிலே 'படார்' என்றோர் ஓசை எழுந்தது. இயந்திரம் உறுமியது, கியரும் விழுந்தது, சில்லுகளோ அசையவில்லை. ஹற்றனிலுள்ள கராஜ் ஒன்றில் பிரித்துப் பார்த்தபோது, நடு டிபரென்ஷியலின் பற்சில்லுகள் நொறுங்கிக் கிடந்தன.

அவ்வுறுப்பின் தொழிலை மாணவர்பொருட்டுச் சிறிது விளக்குவோம். மாட்டுவண்டியின் இரு சில்லுகளும் அச்சிலே தனித்தனியாகச் சுழல்வன. தெருமுனையில் திரும்புகையில் வெளிச்சில்லு அதிகமாகவும் உட்சில்லு குறைவாகவும் ஓடித் தம் கணக்கைத் தாமே தீர்த்துக்கொள்கின்றன. ஒரே தண்டினால் விசைகொடுத்துச் சுழற்றப்படும் சில்லுகளுக்கு அச்சுதந்திரம் இல்லை. அதனைப் பெற்றுத்தரும் பற்சில்லு அமைப்புக்கு 1820களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்றவர் பெக்கேர் என்னும் பிரெஞ்சுக் கடிகாரத் தொழிலாளர். நான்கு சில்லுகளும் எப்பொழுதும் இழுக்கும் வண்டியில் இவ்வமைப்பு மூன்று உண்டு: முன்னச்சில் ஒன்று, பின்னச்சில் ஒன்று, நடுவே ஒன்று. திருப்பத்தில் முன்சில்லுகள் பின்சில்லுகளைக் காட்டிலும் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன; அவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பது நடுவிலுள்ளதே. சேற்றில் உதவும்பொருட்டு அதனைப் பூட்டிவைக்கும் நெம்புகோல் ஒன்றும் உண்டு. அன்று அதனைப் பூட்டியிருந்தால் வண்டி மெல்ல வீடு வந்திருக்கக்கூடும். ஆண்டுக்கணக்காக நாம் தொடாமையால் அது துருவேறி இறுகிக் கிடந்தது.

2020 மார்ச்சிலேயே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2022இல் நாட்டில் அந்நியச் செலாவணியும் வற்றிவிட்டது. உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டு மலைத்து நின்றோம். அப்பொழுது கராஜ் பாஸ் சொன்னார்:

"பல்லையெல்லாம் சேர்த்து வெல்டிங் அடிச்சிறலாங்க ஐயா. வண்டி ஓடும். ஆனா தார் ரோட்டுல பார்த்துத்தான் ஓட்டணும்."

முதல் இரண்டு வாக்கியங்களே எம் செவியிற் புகுந்தன.

சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. கல்லும் மண்ணுமான தோட்டப் பாதையிலே டயர் சிறிது வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். "இதற்கா அவ்வளவு விலை!" என்று எம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

பின்னர் ஒருநாள் மாலை, மேட்டு லயத்திலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். மழை ஓய்ந்து தார்ச்சாலை காய்ந்திருந்தது. அங்கே டயர் வழுக்க மறுத்தது. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. கொண்டையூசி வளைவொன்றிலே சுக்கான் கல்லாய்க் கனத்தது, டயர்கள் முனகின, வண்டியின் முகம் திரும்பாமல் பள்ளத்தை நோக்கியது. பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது, முன்சில்லுக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்தது.

பின்னாசனத்திலிருந்த மாமியார் கூக்குரலிடவில்லை. "ஐயா, நிப்பாட்டிக்கிங்க. நாங்க நடந்தே போய்க்கிறோம்" என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது. நல்லவேளையாக அவ்வழியே வந்த ஓட்டோ ஒன்று அவர்களை ஏற்றிச் சென்றது. அன்றிரவே பெண்குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் பாஸிடம் போனோம். பற்சில்லு கடினப்படுத்திய எஃகு. அதில் இடும் ஒட்டு என்றேனும் வெடிக்கலாம். உதிரும் துகள் எண்ணெயிற் கலந்து பேரிங்குகளையும் அரிக்கும் என்றார். முன்னச்சுக்கு விசை கொண்டுசெல்லும் தண்டைக் கழற்றிவைத்தார். நடுவிலே ஒட்டு இருப்பினும், பின்சில்லுகள் மட்டும் இழுக்கையில் அந்த மல்லுக்கட்டு இல்லை. ஏற்றத்தில் வண்டி திணறியது. ஆயினும் வளைவில் திரும்பியது. நான்கு மாதம் அவ்வாறே ஓட்டிப் பணஞ் சேர்த்து, பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய நல்ல உறுப்பை வாங்கிப் பூட்டினோம். இப்பொழுது வாரந்தோறும் மண்பாதையில் அந்நெம்புகோலை ஒருமுறை போட்டு எடுக்கின்றோம்.

வண்டி ஓடுவதையே பழுது தீர்ந்ததற்கு அடையாளமாகக் கொண்டோம். எம் பணத்தைக் காக்கப் பிறர் உயிரைப் பணயம் வைத்ததை உணர்ந்தோமில்லை. அக்குழந்தை இப்பொழுது முன்பள்ளிக்குப் போகின்றாள். காலையில் எம் வண்டியைக் கண்டால் கையசைப்பாள். அவளைக் காணுந்தோறும், அன்று நாம் கேளாமல் விட்ட மூன்றாம் வாக்கியம் செவியில் ஒலிக்கின்றது.