கையளவு மல்லாட்டை

ஜூலை 8, செவ்வாய்

பிளஸ் ஒன் மனையியல் வகுப்பில் இந்த வருடமும் எல்லோரும் பெண் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு டம்ளர் ரேஷன் அரிசி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து விழுப்புரம் வந்து இறங்கும்வரை இந்த வகுப்பை எப்படித் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அரிசியை முறத்தில் கொட்டியதும் ஒருத்தி தானாகவே சில மணிகளைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பிளாஸ்டிக் அரிசி மிஸ். தண்ணியில மெதக்கும். எங்கம்மா பொறுக்கிக் கோழிக்குப் போட்டுடும்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லார் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். நிறத்திலும் வழவழப்பிலும் மற்ற அரிசியோடு சேராமல் தனியாகத் தெரிந்தன. கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினோம். பிளாஸ்டிக் என்றால் உருகி இழுக்கும், மூக்கைத் துளைக்கும். இது சோறு அடிபிடித்த வாசனையோடு கருகியது. சாதாரண அரிசியையும் அதே கரண்டியில் கருக்கினோம். அதே வாசனை. மிச்ச மணிகளை வேகவைத்து விரலால் நசுக்கச் சொன்னேன். மாவாகப் போயிற்று.

பிறகுதான் கரும்பலகைப் பக்கம் போனேன். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் இயந்திரத்தில் பிழிந்து காயவைத்த மணி இது. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவர்களுக்காகக் கலந்த இரும்பைத்தான் அவர்களே பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறார்கள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும், இதே கரண்டிச் சோதனையை அடுப்படியில் செய்து காட்ட வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பாதிப் பேர் தெரு மாரியம்மன் கோயிலில் கூழ் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அடுப்பு பற்றவைக்கவில்லை. கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று சொல்லச் சொன்னேன். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்து வைப்பது, புளித்த பிறகு நொய்யை வேகவிட்டு அதில் ஊற்றிக் கட்டி தட்டாமல் கிளறுவது, ஆறவைத்து மறுநாள் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைப்பது என்று ஒருத்தி படிப்படியாகச் சொன்னாள். அவள் ஆயா சொல்லிக்கொடுத்ததாம்.

புளிக்கவைப்பதில் விஷயம் இருக்கிறது. தானியத்தில் உள்ள ஃபைடேட் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச விடாது. மாவு புளிக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. கம்பில் அரிசியைவிடப் பலமடங்கு இரும்பு. ஆடியில் மட்டும் குடித்துவிட்டுப் பதினொரு மாதம் மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

சோறு வடித்த கஞ்சியைப் பற்றியும் பேச்சு வந்தது. பெரும்பாலான வீடுகளில் கஞ்சி சாக்கடைக்குப் போகிறது, அதோடு பி வைட்டமின்களும். 1918ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன், பி வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு வந்த நோய் அது. நம் மலையில் தொடங்கிய ஆராய்ச்சி என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜூலை 30, புதன்

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. செய்முறை வகுப்பு இல்லை. மரக்காணம் பக்கத்திலிருந்து வரும் பெண் உப்பளத்தில் உப்பு வாருவதைப் பற்றிச் சொன்னாள். கடைக்கு வரும் உப்பில் ஏன் அயோடின் சேர்க்கிறார்கள், டப்பாவை ஏன் அடுப்புப் பக்கத்தில் திறந்து வைக்கக் கூடாது என்பதோடு மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. கொல்லையில் மல்லாட்டை போடாத வீடு இந்த வகுப்பில் குறைவு. "டி.எம்.வி. 7 மிஸ்" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் ஒருத்தி. டி.எம்.வி. என்பது திண்டிவனம் என்று அவளுக்குத் தெரியவில்லை. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகங்களுக்கு அந்தப் பெயர் என்று சொன்னேன்.

உரித்து எடை போட்டோம். ஒரு கை நிறைய எடுத்தால் ஏறக்குறைய 30 கிராம். அதில் 7 கிராம் புரதம். சத்துணவில் போடும் முட்டையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடவே. "வீட்ல எவ்வளவு வைப்பீங்க?" என்று கேட்டேன். விதைக்கு எடுத்தது போக மிச்சத்தை மார்க்கெட் கமிட்டியில் விற்பனைக்குப் போட்டுவிடுவார்களாம். சாயந்திரம் பள்ளி விட்டுப் போய் பிஸ்கட் தின்கிறார்கள். கடனை அடைக்க விற்கிறார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் மூட்டையில் ஒரு மரக்காலாவது வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பூஞ்சை பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கிக் கழிக்கக் கற்றுக்கொடுத்தேன். சரியாகக் காயாத கொட்டையில் வளரும் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. கழித்ததை மாட்டுக்கும் போடக் கூடாது என்றதும் பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். அதைத்தான் இதுவரை மாட்டுக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எச்.எம். சம்மதித்தார். ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு பீரியட்.

முதலில் சிரிப்பு, ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வது. வெங்காயத்தையும் கத்தியையும் கொடுத்ததும் அடங்கிற்று. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் வேர்ப்பக்கத்தை விட்டுவிட்டு, நீளவாக்கில் கீறி, குறுக்கே சீராக நறுக்கினான். அம்மா விடியற்காலையில் கம்பெனி வேனில் போய்விடுவாராம். தங்கச்சிக்கு இவன்தான் சமைத்துப் போடுகிறான். இதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது. இன்று எல்லோரும் அவன் கையைப் பார்த்து நறுக்கினார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலும் கலந்தோம்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

மனையியல் என்றால் கோவை அவினாசிலிங்கம் கல்லூரியும் ராஜம்மாள் தேவதாஸும் நினைவுக்கு வராமல் இருக்காது. ஊர்ப் பிள்ளைகளின் தட்டில் என்ன விழுகிறது என்பதையே பாடமாக்கியவர் அவர். இருந்தும் பள்ளிக்கூடத்தில் இது பெண் பிள்ளைகளின் பாடமாகவே நின்றுவிட்டது. 1952–53ல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, பெண்கள் பள்ளிகளிலும் இருபாலர் பள்ளிகளிலும் மனையியலுக்குத் தனி வசதி வேண்டும் என்றது. அடுத்த பத்தாண்டில் ஹன்சா மேத்தா குழு இன்னும் ஒரு படி மேலே போய், நடுநிலை வகுப்புகளில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மனையியல் வைக்கச் சொன்னது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எனக்குக் கிடைத்தது ஒரு பீரியட்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு பையனின் அப்பா வந்திருந்தார். "படிக்க அனுப்பினா வெங்காயம் உரிக்கச் சொல்றீங்களாமே டீச்சர்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மூத்த மகன் எங்கே என்று விசாரித்தேன். ஒரகடத்தில் வேலை, நாலு பேரோடு ரூம், ராத்திரி தினமும் பரோட்டா, இப்போதே வயிற்றுப் புண். "அவனுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரிஞ்சிருந்தா நல்லதுதானேங்க" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பையனை நிறுத்தவில்லை.

இந்த மாவட்டத்தில் பிளஸ் ஒன்னில் மனையியல் எடுக்கும் பிள்ளைகள் மிகக் கொஞ்சம். மற்றவர்கள் ரேஷன் அரிசியைப் பொறுக்கிக்கொண்டும் கஞ்சியைக் கொட்டிக்கொண்டும்தான் பள்ளியை விட்டுப் போகிறார்கள். தலைமையாசிரியர்களே, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை கொடுங்கள், ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. தனிச் சமையலறை கட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு தராசு, ஒரு முறம் இருந்தால் தொடங்கிவிடலாம்.