பதித்த ஆவணம் யார் கணக்கில் ஏறும்?

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: “நம்ம கேட்லாக்கை டீலருங்க எல்லாம் அவங்கவங்க சைட்டுல எம்பெட் பண்ணிருக்காங்க. ஒவ்வொண்ணும் ஒரு பேக்லிங்க்தானுங்க சார்?” எஸ்.இ.ஓ. தொழிலில் இந்தக் கேள்வி வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும். பதிப்பகத்தார் நூலின் மாதிரிப் பக்கங்களைக் காட்டிக் கேட்பார்கள். கல்லூரிக்காரர்கள் பிராஸ்பெக்டஸைக் காட்டிக் கேட்பார்கள். நான் முதலில் அந்த எம்பெட் கோடை அனுப்பச் சொல்வேன். பதில் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும்.

லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியிட்ட பேஜ்ரேங்க் கணக்கு, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டுவதை மதிப்பாக எடுத்துக்கொண்டது. அந்தச் சுட்டுதல் ‘ஏ’ என்ற குறிச்சொல்லில், ‘எச்ரெஃப்’ முகவரியோடு இருந்தால்தான் உறுதியாகப் பின்தொடர முடியும் என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே சொல்கிறது. எம்பெட் கோடில் வரும் ஐஃபிரேமோ எதையும் சுட்டுவதில்லை. வேறு முகவரியில் இருப்பதைக் கொண்டுவந்து காட்டுகிறது, அவ்வளவுதான். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாமரம் தெரிகிறது என்பதற்காக அது நம் பட்டாவில் ஏறிவிடாது.

ஆனாலும் கூகுள் ஜன்னலை எட்டிப் பார்க்கிறது. ஐஃபிரேமுக்குள் இருக்கும் எழுத்தைச் சில நேரம் வெளிப்பக்கத்தின் உள்ளடக்கமாகவே எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் பக்கம் தனியாகத் தேடலில் வரக் கூடாது, பதித்த இடத்தில் மட்டும் வரலாம் என்று நினைப்பவர்களுக்காகவே 2022 ஜனவரியில் ‘இண்டெக்ஸ்இஃப்எம்பெடட்’ என்று ஒரு குறிப்பைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அப்படி எடுத்துக்கொண்டால் பலன் பதித்தவருக்கு. கேட்லாக் நம்முடையது, எழுத்தின் லாபம் டீலருடைய பக்கத்துக்கு!

பம்ப்காரர் கேட்லாக்கை ஸ்கிரிப்ட் (Scribd) என்ற ஆவணப் பகிர்வுத் தளத்தில் ஏற்றி அங்கிருந்து எம்பெட் கொடுத்திருந்தார். அந்தக் கோடைப் பிரித்துப் பார்த்தால், ஐஃபிரேமுக்கு மேலே ஆவணத்தின் தலைப்போடு ஒரு சின்ன வரி இருக்கும். அதில் அசல் ‘ஏ’ குறிச்சொல் உண்டு, எச்ரெஃப் உண்டு. முகவரி மட்டும் ஸ்கிரிப்டுடையது. ஸ்லைடுஷேரிலும் பல காலம் இதே வழக்கம்தான். ஆக லிங்க் விழுகிறது, விழுவது ஆவணத்தை வைத்திருக்கும் தளத்தின் மடியில். டீலர்கள் ஊர் ஊராக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், வேட்பாளர் வேறு. யூடியூப் கொடுக்கும் கோடில் இந்த ஒரு வரியும் கிடையாது, வெறும் ஐஃபிரேம். வேர்ட்பிரஸ் மட்டும் கொஞ்சம் தாராளம்: 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து, ஒரு பதிவை இன்னொரு தளத்தில் பதித்தால் மூலப் பதிவுக்கே போகும் இணைப்பும் கோடில் சேர்ந்து வருகிறது.

“பிடிஎஃப்புக்குள்ள நம்ம வெப்சைட் அட்ரஸ் இருக்குதுங்களே?” என்றார். நல்ல கேள்வி. பிடிஎஃப்பில் இருக்கும் இணைப்புகளைப் பொதுவாக எச்.டி.எம்.எல். இணைப்புகளைப் போலவே நடத்துவதாகக் கூகுள் 2011-இல் சொன்னது. ஆனால் அது தனக்கென ஒரு முகவரியில் பிடிஎஃப்பாகவே கிடக்கும் கோப்புக்குப் பொருந்தும். ஆவணப் பகிர்வுத் தளங்கள் அதைத் தங்கள் வியூவருக்கு ஏற்றபடி மாற்றித்தான் காட்டுகின்றன. அங்கே உள்ளிருக்கும் இணைப்பை நம்பி நான் கணக்குப் போடுவதில்லை.

இதைக் கேட்டதும் பலருக்கு ஒரு யோசனை வரும்: நாமே எம்பெட் கோடு எழுதி, அதன் அடியில் ‘கோவை சிறந்த பம்ப்’ என்று ஒரு லிங்கைச் சொருகிவிட்டால்? இன்ஃபோகிராஃபிக் மோகம் இருந்த காலத்தில் ஊரே இதைச் செய்தது. விட்ஜெட்டுக்குள் சொருகிப் பரப்பும், தேடல் சொற்கள் திணித்த லிங்குகளைக் கூகுளின் ஸ்பேம் விதிகள் பெயர் சொல்லியே குறிக்கின்றன. 2016-இல் தனியாக நினைவூட்டவும் செய்தார்கள். நான் எழுதித் தரும் கோடில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும், இந்த இணைப்பை மதிப்பில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோவும் இருக்கும். “நோஃபாலோ போட்டா அப்புறம் எதுக்குங்க லிங்க்?” என்று சண்டைக்கு வருவார்கள். ஜனங்கள் அமுக்கிப் பார்க்கத்தான். கூகுளும் 2019-இல் நோஃபாலோவைக் கட்டளை நிலையிலிருந்து இறக்கி வெறும் குறிப்பாக்கிவிட்டது.

எம்பெட்டை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஹெட், டிஸ்சார்ஜ் அட்டவணையை விவசாயி டீலர் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். மாடல் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். அதை பேக்லிங்க் எண்ணிக்கையில் சேர்ப்பதுதான் வேண்டாம். சில கருவிகள் ஐஃபிரேமையும் ஒரு வகை பேக்லிங்காகக் காட்டும். மாதாந்திர ரிப்போர்ட்டைப் பருமனாக்க அது நன்றாக உதவும், வேறொன்றுக்கும் உதவாது.

கேட்லாக்கை அவருடைய டொமைனுக்கே கொண்டுவந்தோம். டீலர்களிடம் எம்பெட்டுக்குக் கீழே தங்கள் சொற்களில் இரண்டு வரி எழுதி, தயாரிப்பாளர் பக்கத்தைச் சுட்டச் சொன்னோம். சிலர் எழுதினார்கள், பலர் எழுதவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் சர்வீஸும் சேர்த்துப் பார்க்கிறவர்கள். எந்த போர்வெல்லுக்கு எந்த மாடல் சரிப்படும் என்று சொல்ல அவர்களிடம் விஷயம் இருந்தது. சொன்ன இடத்தில் லிங்க்கும் தானாக வந்தது.