ஒப்படைக்க வேண்டிய படகு

கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன். வசதியுள்ள பாய்மரப் படகு உரிமையாளர்கள் பலருக்கு ஆண்டு இப்படித்தான் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே அட்லாண்டிக் கிடக்கிறது. அதைக் கடக்கச் சிலருக்கு நேரமில்லை, சிலருக்கு அனுபவம் போதாது. அவர்கள் விமானத்தில் போய் இறங்குகிறார்கள். படகைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 'டெலிவரி' ஆட்களின் வேலை.

நவம்பர் மாதத்தில் கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இவர்களைக் கூட்டமாகப் பார்க்கலாம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் இறுதிவரை சூறாவளிப் பருவம். அது ஓயும் தறுவாயில் இங்கிருந்து கிளம்பினால், அக்கரை சேரும்போது வானம் தெளிந்திருக்கும். 1986இல் ஜிம்மி கார்னெல் தொடங்கிவைத்த ஏஆர்சி என்னும் கூட்டுப் பயணமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. இப்போது அது போய்ச் சேரும் இடம் செயின்ட் லூசியா. தூரம் ஏறத்தாழ 2,700 கடல் மைல். நடுத்தரமான படகுக்கு மூன்று வாரம் பிடிக்கும்.

நான் ஏறிக்கொண்ட படகில் வேலையாட்கள் மூவர். ஐம்பதைத் தாண்டிய ஆங்கிலேயப் பெண்மணி கேப்டன். போர்ச்சுகீசியத் தச்சர் ஒருவரும் பிரெஞ்சு மாணவி ஒருத்தியும் அவருக்குத் துணை. கேப்டன் படகில் கால் வைத்ததும் செய்த முதல் வேலை, மெத்தைகளுக்கெல்லாம் உறை மாட்டியதுதான். பிறகு தரையில் கெட்டியான அட்டை விரித்து ஓரங்களை டேப் போட்டு ஒட்டினார். உரிமையாளரின் பீங்கான் தட்டுகள் துணியில் சுற்றப்பட்டு அலமாரிக்குள் போயின. பிளாஸ்டிக் கிண்ணங்கள் வெளியே வந்தன. "இந்தப் படகில் நாம் வாழ்ந்ததாகவே தெரியக்கூடாது" என்றார்.

கடையிலிருந்து வந்த காய்கறிப் பெட்டிகள் படகுத்துறையிலேயே பிரிக்கப்பட்டன. அட்டைப் பெட்டியின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும் என்பதால் எதுவும் அப்படியே உள்ளே வராது. முட்டைக்கோஸ், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவை கடைசிவரை தாங்கும். ஃபிரிட்ஜில் வைக்காத முட்டைகளை அவ்வப்போது புரட்டிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது. பின்புறம் கட்டித் தொங்கவிட்ட வாழைத்தார் மட்டும் யாருக்கும் கட்டுப்படாது. ஒரே நேரத்தில் அத்தனையும் பழுத்துவிடும்.

வழி பற்றி மாலுமிகளிடம் பழைய சொல் ஒன்று உண்டு: வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திருப்பு. கேப் வெர்டே தீவுகளை நெருங்கும்போது வெயில் ஏறி வெண்ணெய் இளகும். வடகிழக்கிலிருந்து விடாமல் வீசும் வாணிபக் காற்றும் அங்கேதான் உறுதியாகக் கிடைக்கும். அதன்பின் காற்று முதுகுப்பக்கம். அலையும் பின்னாலிருந்தே வந்து படகை இடவலமாக உருட்டிக்கொண்டே இருக்கும். படுக்கையின் ஓரத்தில் துணித் தடுப்பைக் கட்டாவிட்டால் தூங்குகிறவர் தரையில்தான் விழிப்பார்.

நாளை நகர்த்துவது சூரியன் அல்ல, வாட்ச். மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. சுக்கானைப் பெரும்பாலும் ஆட்டோபைலட் பார்த்துக்கொள்கிறது. மனிதருக்குரிய வேலை, பார்ப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவானத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். 20 நாட் வேகத்தில் வரும் சரக்குக் கப்பல் கால் மணி நேரத்தில் ஐந்து கடல் மைலைக் கடந்துவிடும். ராடாரும், அருகில் வரும் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவியும் எச்சரிக்கும் என்றாலும் கண்ணுக்கு விடுப்பு கிடையாது. இரவில் மேல்தளத்துக்கு வருகிறவர், படியில் நிற்கும்போதே தன் இடுப்புவாரைப் படகோடு கொக்கியிட்டுக்கொள்ள வேண்டும். தூங்குகிறவர்களுக்குத் தெரியாமல் ஒருவர் இருட்டில் கடலில் விழுந்தால் தேடிப் பிடிப்பது அநேகமாக நடக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேப்டன் குரலை உயர்த்தினார்.

மணிக்கொருமுறை பதிவேட்டில் இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றை எழுதுகிறார்கள். மேற்கே 15 பாகை போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டும். லாஸ் பால்மாஸுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் நான்கு மணி நேர வித்தியாசம்.

இந்தத் தொழிலின் நுட்பம் விளங்க, விடிந்ததும் கேப்டன் போகும் சுற்றைப் பார்க்க வேண்டும். இரவில் தளத்தில் வந்து விழுந்த பறக்கும் மீன்களைப் பொறுக்கிக்கொண்டே முன்முனைவரை நடப்பார். கண் தரையில்தான். மறை கழன்ற ஆணியோ, சிறு ஊசியோ கிடந்தால், அது மேலே எங்கிருந்து உதிர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் அன்றைய வேலை தொடங்காது. பிறகு கயிறுகள். முன்பாயை விரித்துப் பிடிக்கும் கழியின் நுனியில் கயிறு வளையும் இடத்தை விரலால் நீவிக் காட்டினார். முந்தின நாள் வழவழப்பாக இருந்த மேலுறை, ஒரு விரற்கடை நீளத்துக்குப் பிசிறு தட்டியிருந்தது. படகு உருளும் ஒவ்வொரு முறையும் கயிறு அதே இடத்தில் உரசும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான உரசல். அவர் செய்தது மிக எளிய வேலை: கயிற்றை ஒரு சாண் இளக்கிவிட்டார். இனித் தேய்மானம் வேறிடத்தில் விழும். மறுநாள் மறுபடி ஒரு சாண். இப்படித்தான் ஒரு கயிறு கடல் முழுவதையும் தாண்டுகிறது.

சமையல், படகு சாயும்போது தானும் ஊசலாடி மட்டமாகவே நிற்கும் அடுப்பில். மூடி இறுகிய பிரஷர் குக்கர், கவிழ்ந்தாலும் ஆளைச் சுடாது என்பதால் எல்லோருக்கும் பிரியமானது. தச்சர் பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைப்பார். மாணவி ரொட்டி சுடுவாள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் இருந்தாலும் அது மின்சாரம் தின்னும். ஆகவே பாத்திரம் கழுவுவது கடல்நீரில், குளியலும் கடல்நீரில், கடைசியில் உப்புப் போக ஒரு குவளை நல்ல தண்ணீர்.

ஓர் இரவில் கருமேகத் திரள் ஒன்று பின்னால் நட்சத்திரங்களை மறைத்தபடி வந்தது. காவலில் இருந்த மாணவி தயங்காமல் கேப்டனை எழுப்பினாள். மழை தொடுமுன் பெரிய பாயைச் சுருக்கிவிட்டார்கள். சில நிமிடத்தில் காற்று இரட்டிப்பானது. படகு அசைந்துகொடுத்துச் சமாளித்துக்கொண்டது. அந்தப் பெண் எழுப்பத் தயங்கியிருந்தால் பாய் கிழிந்திருக்கும்.

அவளுக்குச் சம்பளம் இல்லை. சாப்பாடும் திரும்பும் விமானச் சீட்டும்தான். பிரிட்டனின் ஆர்ஒய்ஏ அமைப்பு வழங்கும் 'யாட்மாஸ்டர் ஓஷன்' சான்றிதழுக்கு நிற்காமல் குறைந்தது 600 கடல் மைல் ஓட்டிய அனுபவம் வேண்டும். அதைச் சேர்க்கத்தான் இளைஞர்கள் பலர் இப்படி வருகிறார்கள். கற்றுக்கொள்ளும் காலம் என்பது சரி. ஆனால் பல லட்சம் யூரோ மதிப்புள்ள சொத்தை நள்ளிரவில் தனியாகக் காவல் காக்கிறவருக்கு நாள்கூலியாவது கொடுப்பதுதான் நியாயம். படகின் காப்பீட்டுக்குச் செலவழிக்கும் உரிமையாளருக்கு இது பெரிய தொகையல்ல.

செயின்ட் லூசியாவின் ராட்னி விரிகுடாவில் படகைக் கட்டிய பிறகும் ஓய்வு இல்லை. உப்பைக் கழுவி, அட்டைகளைப் பிரித்து, பீங்கான் தட்டுகளை இருந்த இடத்தில் அடுக்கினார்கள். கேப்டன் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கையும் டீசல் ரசீதுகளையும் ஒரு கோப்பில் வைத்தார். மேலே பழுதுகளின் பட்டியல்: ஒழுகும் ஜன்னல் ரப்பர், சத்தமிடும் தண்ணீர் பம்பு, மாற்ற வேண்டிய இரண்டு கயிறுகள். வசந்தத்தில் இந்தப் படகு ஐரோப்பாவுக்குத் திரும்ப வேண்டும். வாணிபக் காற்றை எதிர்த்துப் போக முடியாது என்பதால் வடக்கே ஏறி, அசோர்ஸ் தீவுகளின் ஹோர்ட்டா வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அங்கே குளிராக இருக்கும்; காற்றும் மாறிமாறி அடிக்கும். அதற்குள் ஜன்னல் ரப்பரை மாற்றியே ஆக வேண்டும் என்று பட்டியலில் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.