விடுபட்ட நாட்களை மீட்டல்

நோய் வருவதும் நீங்குவதும் இறைவன் நாட்டம். நோய்க்கு மருந்து தேடுவது மனிதன் கடமை. இவ்விரண்டையும் நாம் நன்கு அறிவோம். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நோயுற்ற ஒருவர் தம் வேலைகளையும் விருப்பங்களையும் மீண்டும் கைக்கொண்டு, வீட்டிலும் ஊரிலும் தமக்குரிய இடத்தில் வாழ்வதே அது. இதனைப் பற்றி நம் வீடுகளில் நாம் அதிகம் பேசுவதில்லை. மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு தமிழ்த் துறைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னாள் மாணவியாகிய என்னைப் பணித்தபோது, இலக்கிய ஆய்வு ஒன்றையே முதலில் எண்ணினேன். பின்னர், அண்மை ஆண்டுகளில் நான் கற்ற பாடமே மாணவச் செல்வங்களுக்கும் ஊர்ப் பெரியோர்க்கும் கூடுதல் பயன் தரும் எனத் தோன்றியது.

நான் வாழ்வது இராசபாளையத்தில். தமிழாசிரியையாகப் பணியாற்றுவது திருவில்லிபுத்தூரில். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 2022 ஆம் ஆண்டு தொடக்கத்தில் எனக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது உறுதியாயிற்று. வலியில்லாத சிறு கட்டி ஒன்று, அவ்வளவே. பெரியோர் படிக்கும் மலரில் இச்சொல்லை எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். எழுதத்தான் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. வாயால் சொல்ல நாணும் நோயை உரிய காலத்தில் மருத்துவரிடம் காட்டவும் நாணம் தடையாகிவிடும்.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாக எட்டு முறை மருந்து ஏற்றினர், பிறகு கதிர்வீச்சு. காயத்தின்மேல் வைத்துக் கட்டிய மெல்லிய துணியைப் பார்த்தபோது, இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி நினைவுக்கு வந்தது. மருத்துவமனைகளுக்கான கட்டுத் துணியை அவ்வூர்த் தறிகள் நெய்கின்றன. அத்தறிகளின் ஓசையைப் பேருந்தில் செல்லும்போது எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். யாருடைய காயத்திற்கோ நெய்கிறார்கள் என்று அந்நாளில் எண்ணிய துணி, இன்று என் காயத்திற்கும் வந்து சேர்ந்தது.

<b>அன்பு பறித்துக்கொண்டவை</b>

நோய் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றை மருத்துவர் முன்கூட்டியே கூறியிருந்தார். முடி உதிர்ந்தது. முக்காடு இருப்பதால் பிறர் கண்ணுக்கு அது தெரியவில்லை; கண்ணாடிக்குத் தெரிந்தது. நாவில் எப்போதும் இரும்பைச் சுவைப்பதுபோன்ற கசப்பு. திருவில்லிபுத்தூரிலிருந்து என் கணவர் விரும்பி வாங்கி வந்த பால்கோவாவும் மண்ணைப்போல் இருந்தது. இவையெல்லாம் காலத்தால் திரும்பி வரும் என்பதையும் மருத்துவர் கூறியிருந்தார். அவ்வாறே வந்தன.

மருத்துவர் கூறாத இழப்பு ஒன்று உண்டு. அதனை நிகழ்த்தியது அன்பு. அரிவாள்மணையை மாமி தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைப்பையைக் கணவர் எடுத்துக்கொண்டார். மாதக் கணக்கு எழுதும் குறிப்பேடு மகளின் கைக்குப் போயிற்று. என் மாணவியரின் கட்டுரைத் தாள்கள் வேறோர் ஆசிரியைக்குச் சென்றன. "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு" என்பதே நாள்தோறும் நான் கேட்ட ஆறுதல். சொன்னவர் ஒவ்வொருவரும் என்மீது உயிரையே வைத்திருந்தவர்கள். ஆயினும் சும்மா இருப்பவளுக்கு நாள் என்று ஒன்று இல்லை. காலையும் மாலையும் ஒன்றுபோல் இருந்தன. அடுத்த மருந்தேற்றும் நாள் ஒன்றே என் நாட்காட்டியில் எஞ்சியிருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ரமலான் பிறந்தது. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. உடல் தேறியபின் விடுபட்ட நோன்புகளை வேறு நாட்களில் நோற்கலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. சிறு வயதிலிருந்தே நான் அறிந்த சட்டம் இது. அதன் பொருள் அவ்வாண்டுதான் எனக்கு விளங்கியது. வேறு நாட்கள் உண்டு என்று அச்சட்டம் நோயாளிக்கு நம்பிக்கையூட்டுகிறது. விடுபட்டதைக் கணக்கில் வை, அது இன்னும் உன்னுடையதே என்கிறது. நோன்புக்கு மட்டுமா இது பொருந்தும்? என் வகுப்பறைக்கும் அடுக்களைக்கும் நான் படிக்க எண்ணிய நூல்களுக்கும் இது பொருந்தாதா என்று சிந்திக்கலானேன்.

<b>கேட்க வந்த ஒரு மூதாட்டி</b>

நோயாளியை நலம் விசாரிப்பது, ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பது நபிமொழி. அக்கடமையில் எங்கள் உறவினர் எவரும் குறை வைக்கவில்லை. பழங்களோடும் துஆக்களோடும் வந்தனர். சிலர் இதே நோயால் மறைந்தவர்களின் கதைகளைக் கண்ணீரோடு கூறினர். சிலர் எதுவும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தனர். அந்த மௌனம் எனக்கு இதமாக இருந்தது.

அந்நாட்களில் பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவர் வந்தார். நலம் விசாரித்தபின் அவர் கூறியது இது: "டீச்சரம்மா, என் பேரனுக்கு மே மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. தமிழ் இலக்கணம் அவனுக்கு ஏறவே இல்லை. நீங்கள் படுத்தபடியே சொன்னாலும் போதும், கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்." மாமி சற்றுச் சினங்கொண்டார், நோயாளியிடம் கேட்கும் உதவியா இது என்று நினைத்திருப்பார். நானோ மறுநாளே பையனை அனுப்புமாறு கூறினேன். அத்தனை நாட்களில் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

மருந்தேற்றிய வாரம் நீங்கலாக, நாள்தோறும் மாலையில் பையன் வந்தான். ஆகுபெயரையும் அன்மொழித்தொகையையும் பிரித்தறிய அவன் பட்ட பாட்டில் என் பாட்டை மறந்தேன். அவன் வருவதற்கு முன் முகம் கழுவ வேண்டும், நல்ல சேலை உடுத்த வேண்டும், அன்றைய பாடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். காலையினின்றும் மாலை வேறுபட்டது. எனக்கு மீண்டும் நாள் என்பது உண்டாயிற்று. அவன் தேர்வில் வெற்றி பெற்றான். எனினும் அவன் எனக்குத் தந்தது நான் அவனுக்குத் தந்ததினும் பெரிது.

<b>ஐயாயிரத்து இருபத்தேழு</b>

அதன்பின் துணிவு வந்தது. கல்லூரி நாட்களிலிருந்தே சீறாப்புராணம் முழுவதையும் படித்துவிட வேண்டும் என்பது என் ஆவல். பாடத்திட்டத்தில் வைத்த படலங்களைத் தவிரப் பிறவற்றைப் படிக்க வாய்ப்பு அமையவில்லை. உமறுப் புலவர் பாடிய அக்காப்பியத்தில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள் உள்ளன. நாளொன்றுக்குப் பத்துப் பாடல் எனக் கணக்கிட்டேன்: 503 நாட்கள். என் சிகிச்சை முடியும் நாளைக் காட்டிலும் நீண்ட கணக்கு அது. மருத்துவர் தந்த அட்டவணை அக்டோபரோடு முடிந்தது. புலவர் தந்த அட்டவணையோ அடுத்த ஆண்டிற்குள் நீண்டது. அதனாலேயே அதனைத் தேர்ந்தேன்.

தலை தூக்க இயலாத நாட்களில் மகள் படித்தாள், நான் கேட்டேன். வேதியியல் மாணவியாகிய அவள் சந்தி பிரிக்கத் தெரியாமல் தடுமாறுவாள்; படுத்தவாறே திருத்துவேன். சில நாட்களில் ஒரு பாடலோடு நின்றதுண்டு. முற்றிலும் விடுபட்ட நாட்களும் பல. அவற்றையும் கணக்கில் வைத்தேன். 2023 ஆம் ஆண்டு முடிவதற்குள் கடைசிப் பாடலைப் படித்தேன். அண்ணல் நபி அவர்களின் வாழ்வு முழுவதையும் உமறுப் புலவர் பாடி முடிக்கவில்லை என்பதும், பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி அவ்வரலாற்றைத் தொடர்ந்தார் என்பதும் தமிழ் மாணவர் அறிந்தவை. முற்றுப்பெறாத நூல் என்பதால் சீறாவின் பெருமை குறைந்துவிடவில்லை. நோயோடு வாழ்பவர்க்கு இது எத்துணை ஆறுதல்!

உடலையும் மீட்க வேண்டியிருந்தது. அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பின் கை தோளுக்குமேல் எழாது. சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறும் பயிற்சியை நாள்தோறும் செய்யுமாறு கூறினர். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு, அருகில் தேதி. பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்த அதே சுவரில் என் கை வளர்ந்தது. கனமான குடத்தை அக்கையால் தூக்கலாகாது. அதில் ஊசி குத்தலாகாது. கை வீங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். இவ்வெல்லைகளை அறிந்துகொண்டபின், எல்லைக்கு உட்பட்ட வேலைகளை ஒவ்வொன்றாக மாமியிடமிருந்து திரும்பப் பெற்றேன். அரிவாள்மணையை அவர் எளிதில் தரவில்லை. வெண்டைக்காயிலிருந்து தொடங்கலாம் என்று உடன்பாடு ஆயிற்று.

நவம்பரில் மீண்டும் பள்ளிக்குச் சென்றேன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மாணவியரை அழைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குப் போனோம். சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988 இல் அங்கே சரணாலயம் அமைந்தது; 2021 இல் அம்மலைப்பகுதி திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி ஆயிற்று. மாணவியர் விரைந்து முன்னே நடந்தனர். நான் மெல்ல நடந்தேன், ஓரிடத்தில் அமர்ந்தேன், மீண்டும் நடந்தேன். மரக்கிளையில் நீண்ட வாலைத் தொங்கவிட்டு அணில் ஒன்று கனியைக் கொறித்துக்கொண்டிருந்தது. விரைந்து சென்றவர்கள் அதனைக் காணவில்லை.

<b>முன்னே நடந்தவர்கள்</b>

இவ்வழியில் எனக்கு முன்னே நடந்தவர் பலர். பேனி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு 1811 இல் பாரிசு நகரில் மார்பக அறுவை நடந்தது. மயக்க மருந்து அறியப்படாத காலம் அது. அவ்வேதனையைத் தம் சகோதரிக்கு மடலாக எழுதிய அவர், 1814 இல் அடுத்த நாவலை வெளியிட்டார். 1840 வரை வாழ்ந்தார். பூச்சிக்கொல்லிகளின் தீமையை உலகுக்கு உணர்த்திய 'மௌன வசந்தம்' என்னும் நூலை ராச்சேல் கார்சன் எழுதி முடித்தது இந்நோயோடு போராடிய நாட்களில்தான். நூல் 1962 இல் வெளிவந்தது. 1964 இல் அவர் மறைந்தார். நாட்கள் குறைவாகவே கிடைத்தன. அவற்றை அவர் தம் பணிக்கே ஆக்கினார்.

நம் தமிழகத்தில் நடிகை கௌதமி முப்பத்தைந்தாம் வயதில் இந்நோய்க்கு ஆளாகி மீண்டார். 'பாபநாசம்' படத்தின் வாயிலாக 2015 இல் மீண்டும் திரைக்கு வந்தார். நோயுற்றோர்க்குத் துணைநிற்க 'லைப் அகெய்ன்' என்னும் அமைப்பையும் நிறுவினார். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு அவர் எங்கள் இராசபாளையத்தில் கட்சிப் பணி ஆற்றினார். கட்சி எதுவாயினும் ஆகுக; நோயிலிருந்து மீண்ட ஒரு பெண் ஊரறியப் பொதுப்பணி செய்வதை எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டனர். இவை அனைத்திற்கும் அடிப்படையாகத் தமிழகத்தில் மருத்துவ வழி வகுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் தொண்டாற்றிய டாக்டர் சாந்தா 2021 இல் மறைந்தார்.

<b>ஒரு வேண்டுகோள்</b>

நோய் முற்றிலும் போய்விட்டதா என்று பலர் கேட்கின்றனர். மாத்திரை தொடர்கிறது. குறித்த காலங்களில் பரிசோதனைக்குச் செல்கிறேன். பரிசோதனை முடிவு வரும்வரை மனம் நடுங்குவதும் உண்மை. நடுங்கிக்கொண்டே வகுப்பெடுக்கலாம், சோறு ஆக்கலாம், நூல் படிக்கலாம் என்பதே நான் கற்றது. அச்சம் நீங்கிய பிறகு வாழலாம் என்று காத்திருந்தால் அந்நாள் வாராமலே போகக்கூடும். 2022 இல் விடுபட்ட நோன்புகளையும் மருத்துவர் இசைவோடு, பகற்பொழுது குறுகிய மார்கழி, தை மாதங்களில் சிறிது சிறிதாக நோற்று முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ அத்தையோ நோயுற்றால், அவருக்கு ஓய்வு கொடுங்கள். அவருடைய வேலைகள் அனைத்தையும் பறித்துவிடாதீர்கள். அவரால் இயன்ற ஒன்றை அவரிடமே விட்டுவையுங்கள். பெரியோர்களே! நலம் விசாரிக்கச் செல்லும்போது பழங்களோடு ஒரு வேண்டுகோளையும் கொண்டு செல்லுங்கள். சமையற்குறிப்பு ஒன்றைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஒரு பாடம் சொல்லித் தரக் கேளுங்கள். குடும்பச் சிக்கலுக்கு ஓர் ஆலோசனை கேளுங்கள். உங்களால் எங்களுக்கு இன்னும் ஆக வேண்டியது உண்டு என்று கூறுவதைவிடச் சிறந்த ஆறுதல் மொழி இல்லை.

நோயுற்றோர் யாவருக்கும் வல்ல இறைவன் நலத்தையும், விடுபட்ட நாட்களை மீட்டுக்கொள்ள வேறு நாட்களையும் அருள்வானாக! ஆமீன்.