இடைவெளியும் பொருளும்

சேர்த்தெழுத வேண்டியதைச் சேர்த்தும், பிரித்தெழுத வேண்டியதைப் பிரித்தும் எழுதுக என்பது தமிழாசிரியர் நாள்தோறும் வற்புறுத்தும் பாடமாகும். ‘தாமரை’ என ஒரு சொல்லாய் நின்றால் மலரைக் குறிக்கும். ‘தா மரை’ எனப் பிரிந்தால் தாவுகின்ற மானைக் குறிக்கும். இத்தகையனவற்றை நன்னூலார் பொதுமொழி என்பார். கணினியின் கட்டளை வரியிலும் இந்நுட்பம் உண்டு என்பதை மாணவர் அறிதல் நன்று.

யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதனை ஆக்கியோருள் தலையாயவர். அம்முறைமையில், தட்டச்சிடப்படும் கட்டளையை முதலில் படிப்பது ‘ஷெல்’ என்னும் நிரலாகும். 1979இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லும், 1989இல் வெளிவந்த பிரயன் பாக்ஸின் ‘பாஷ்’ ஷெல்லும் புகழ்பெற்றவை. ஷெல் வரியைச் சொற்களாகப் பிரித்த பின்னரே உரிய நிரலிடம் ஒப்படைக்கும். அது பிரிக்கும் எல்லை இடைவெளியே.

ஓர் ஆசிரியரின் கணினியில் ‘மதிப்பெண்’, ‘பழையது’, ‘மதிப்பெண் பழையது’ என மூன்று கோப்புகள் உள்ளன என்று கொள்க. மூன்றாவதை அழிக்க எண்ணி, ‘ஆர்.எம்.’ என்னும் நீக்கற் கட்டளையை அடுத்து அப்பெயரை அவ்வாறே தட்டுகிறார். ஷெல் அதனை இரு பெயர்களாகக் கொள்கிறது. முதலிரண்டு கோப்புகளும் அழிகின்றன. அழிய வேண்டியது அப்படியே இருக்கிறது. அக்கட்டளை எதனையும் குப்பைத் தொட்டியில் போட்டு வைப்பதில்லை. படி எடுத்து வைக்கவில்லையேல் ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் போய்விடும்.

கணினி பழுதுற்றதென அவர் மயங்கலாம். பழுது யாதுமில்லை. பெயரை மேற்கோள் குறிக்குள் அடைத்திருந்தால் அஃது ஒரு சொல்லாகவே நின்றிருக்கும். பெயரை ஒரு மாறியில் இட்டுவைத்தாலும், மாறியைப் பயன்படுத்துமிடத்தில் மேற்கோள் குறி இல்லையேல், பாஷ் ஷெல் அதனை மீண்டும் பிரித்துவிடும். பலர் இடறுவது இவ்விடத்திலேதான்.

நட்சத்திரக் குறியும் இத்தகையதே. புள்ளியில் தொடங்குவன நீங்கலாக, அவ்விடத்துள்ள கோப்புகள் அனைத்தின் பெயர்களையும் ஷெல்லே விரித்து வைக்கும்; கட்டளையோ நட்சத்திரத்தைக் காண்பதே இல்லை.

ஆதலின் ஐயம் எழுங்கால் ஷெல் எவ்வாறு படித்தது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். ஆர்.எம். கட்டளையுடன் சிறுகோடும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால், அஃது ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே சொல்லி இசைவு கேட்கும். நட்சத்திரக் குறி எவ்வாறு விரியும் என்பதை, ஆர்.எம். இருக்குமிடத்தில் ‘எக்கோ’ என்னும் கட்டளையை இட்டுத் தீங்கின்றிக் காணலாம்.

விடை பிறழ்ந்த மாணவனைக் கடிவதற்கு முன், வினாவை அவன் எங்ஙனம் படித்தான் என்று கேட்டறிவது நல்லாசிரியர் இயல்பு. கணினியிடமும் அவ்வியல்பே பயன் தரும்.