வேலி இல்லாத வளாகம்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு ஒரு தேர்வு மட்டுமன்று. பெற்றோர் விடை எழுத வேண்டிய ஒரு வினாவும் ஆகும். 'ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே படிக்க வைப்பதா?' என்பதே அவ்வினா. அரசுக் குடியிருப்பின் மாடிப்படிகளிலும், மலை மந்திரின் பிராகாரத்திலும், சங்கத்தின் நூலகத்திலும் ஆண்டுதோறும் இவ்வினாவைக் கேட்டு வந்த நம் வீட்டிற்கும் அது ஒருநாள் வந்து சேர்ந்தது.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். கும்பகோணத்தில் காவிரிக் கரையிலுள்ள அரசினர் கல்லூரியில் வரலாறு பயின்று பி.ஏ. பட்டம் பெற்று, தேர்வாணையத்தின் தேர்வை எழுதித் தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நம் மகளோ இங்கேயே பிறந்தவள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியில் தமிழையும் இந்தியையும் ஒருசேரக் கற்றவள். அவளை என்ன படிக்க வைப்பது என்பதில் சுற்றத்தார் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. கோயம்புத்தூரில் பொறியியல் சேர்க்கலாம் என்றார் அவள் சித்தப்பா. தம்முடன் கும்பகோணத்தில் தங்கிப் படிக்கட்டும் என்றார் பாட்டி. இல்லத்தரசிக்கோ, ராமகிருஷ்ணபுரத்திற்கு அண்மையிலுள்ள தௌலா குவான் வெங்கடேசுவரா கல்லூரி ஒன்றே கண்ணில் நின்றது. அது 1961-இல் தோன்றியது. தென்னாட்டார் பலர் படித்த இடம். விரைவில் வீடு திரும்பிவிடலாம். மகள் மட்டும், "வடக்கு வளாகத்தில் வரலாறு படிக்க வேண்டும் அப்பா. ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வோமே" என்றாள்.

நியாயமான கோரிக்கை. பெண் பார்க்கவும் வீடு பார்க்கவும் பலமுறை நடக்கும் நாம், பிள்ளை மூன்று நான்கு ஆண்டுகள் வாழப்போகும் இடத்தைப் பாராமலே விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறோம். பிப்ரவரித் திங்களில் ஒரு வேலைநாளில் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருவரும் புறப்பட்டோம்.

ராமகிருஷ்ணபுரத்தில் மெட்ரோ ஏறி, ஹௌஸ்காஸில் மஞ்சள் வழித்தடத்திற்கு மாறினால், பதினாறாவது நிலையம் விசுவவித்யாலயா. வெளியே வந்ததும் நாம் தேடியது ஒரு மதிலையும் பெருவாயிலையும். அப்படி ஒன்றும் தென்படவில்லை. மின்கல ரிக்‌ஷாக்கள் ஆள் கூவி அழைத்தன. நகரப் பேருந்துகள் கல்லூரிகளுக்கு இடையிலேயே ஓடின. எது ஊர், எது பல்கலைக்கழகம் என்று பிரித்தறிய இயலவில்லை. நாம் படித்த கல்லூரிக்கு ஆறே எல்லை. ஆற்றைக் கடந்தால் அது வேறோர் உலகம். இங்கோ ஒரு புறம் கமலா நகர்க் கடைத்தெரு, மறுபுறம் குரங்குகள் உலவும் ரிட்ஜ் காடு. அக்காட்டின் மேட்டில் நிற்கும் கொடிக்கம்பக் கோபுரத்தில்தான் 1857 மே 11 அன்று ஆங்கிலக் குடும்பங்கள் அடைக்கலம் புகுந்து, உதவிக்கு வராத படைக்காகக் காத்திருந்தன.

தில்லிப் பல்கலைக்கழகம் 1922-இல் சட்டத்தின் வழி நிறுவப்பட்டபோது அதற்கு இருந்தவை மூன்றே கல்லூரிகள்: 1881-இல் தொடங்கிய செயிண்ட் ஸ்டீபன்ஸ், 1899-இல் தொடங்கிய இந்துக் கல்லூரி, 1917-இல் தொடங்கிய ராம்ஜஸ். தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாற்றப்பட்ட பின் வைசிராய்கள் தங்கியிருந்த மாளிகை, அவர்கள் புது தில்லிக்குக் குடிபெயர்ந்தபின் 1933-இல் பல்கலைக்கழகத்தின் வசமாயிற்று. துணைவேந்தர் அலுவலகம் இன்றும் அங்கேதான். ஆட்சியாளர் வாழ்ந்த அதே கட்டடத்தில் பகத் சிங்கின் நினைவாக ஓர் அறையும் பேணப்படுகிறது. இவற்றையெல்லாம் நாம் மகளுக்குச் சொல்ல வாயெடுத்தோம். அவள் முன்னதாகவே படித்து வந்திருந்தாள்!

பெண்கள் கல்லூரி ஒன்றின் வாயிலில் காவலர் நம்மை நிறுத்தினார். நாம் பேசியது கோப்புகளில் பழகிய இந்தி. அதை அவர் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. மகள் குறுக்கிட்டுத் தெருவில் பழகிய இந்தியில் இரண்டு வாக்கியம் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "பெண் உள்ளே போகலாம், தாங்கள் இந்தப் பெஞ்சில் அமருங்கள்" என்றார். வழியே வந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மகளை அழைத்துச் சென்றாள். செங்கல் சுவர்களுக்கு நடுவே அவர்கள் இருவரும் மறைவதைப் பார்த்துக்கொண்டு வெளியே அமர்ந்திருந்தோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நமக்கு ஒன்று தெளிவாயிற்று. தில்லிக்கு வந்த நாள்முதல் நாம் இந்நகரை ஒரு பணியிடமாகவே கொண்டிருக்கிறோம். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்புவோம் என்ற நினைப்பில் பெட்டியைப் பாதி கட்டியபடியே வாழ்கிறோம். மகளுக்குக் கட்ட வேண்டிய பெட்டி எதுவும் இல்லை. இது அவளுடைய ஊர். 'ஊருக்கு அனுப்புவதா?' என்று நாம் கேட்கும்போது, அவள் காதில் அது 'ஊரைவிட்டு அனுப்புவதா?' என்றுதான் விழுந்திருக்கும்.

திரும்பி வந்த மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்த அக்கா மணிப்பூர்க்காரர் அப்பா. விடுதியில் இடம் கிடைக்காமல் விஜய் நகரில் மூவரோடு ஓர் அறையில் இருக்கிறாராம். 'நான் நாட்டின் கடைக்கோடியிலிருந்து வந்திருக்கிறேன். நீ மெட்ரோவில் வருவதற்கா இவ்வளவு யோசனை?' என்று கேட்டார்." அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவளும் விடையை எதிர்பார்த்துச் சொல்லவில்லை.

பிற்பகலில் கலைப்புலத்தையும் தில்லிப் பொருளியல் பள்ளியையும் சுற்றி வந்தோம். நகலெடுக்கும் கடைகளில் பாடப்பகுதிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. இவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பொருளியல் பள்ளி வளாகத்திலிருந்த நகலகம் ஒன்றின்மீது 2012-இல் பெரும் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காகப் பகுதிகளை நகலெடுப்பது சட்டத்துக்கு மாறானதன்று எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் வழக்கைத் தள்ளியது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. விலைகொடுத்து நூல் வாங்க இயலாத எழுத்தரின் பிள்ளைக்கு இது சிறு செய்தியன்று. இந்திய மொழிகளுக்கான துறையில் தமிழும் கற்பிக்கப்படுகிறது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் இது என்பதை மகள் அன்றுதான் நம்மிடமிருந்து அறிந்தாள். அந்த ஒன்றையேனும் அவளுக்கு முன் நாம் அறிந்திருந்தது நமக்கு ஆறுதல்!

இனி, அடுத்த ஆண்டு இவ்வழியே வரவிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு இடம் தரும் முறை போய், 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கை நடைபெறுகிறது. 2021-இல் சில கல்லூரிகள் சில பாடங்களுக்கு நூற்றுக்கு நூறு கேட்ட நிலை மாறிவிட்டது. ஆனால் போட்டி குறையவில்லை. தேர்வு நடைபெறும் பதின்மூன்று மொழிகளில் தமிழும் ஒன்று. மொழித் தாளாகவும் தமிழை எடுக்கலாம். கல்லூரியும் பாடமும் சேர்ந்த விருப்பப் பட்டியலை நிரப்புகையில் அதன் வரிசையே தலையாயது; உண்மையில் விரும்புவதை முதலில் வைத்து, பட்டியலை நீளமாக எழுதுக. பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய அரசின் பட்டியலுக்குரிய படிவத்தில் இருத்தல் வேண்டும். மாநிலப் படிவம் செல்லாது. ஊரிலிருந்து அதைப் பெற நாளாகும் என்பதால் முன்னதாகவே முயல்க. கல்லூரியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை செல்ல வேண்டா. வேலைநாளில் சென்று, நூலகத்தையும் சிற்றுண்டிச் சாலையையும் கழிப்பறையையும் பாருங்கள். கடைசி வகுப்பு முடியும் நேரத்தைக் கேளுங்கள். அலுவலகச் சன்னல்களைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அன்றிரவு நம் வீட்டில் பேச்சு நெடுநேரம் நடந்தது. இருட்டிய பின் பெண் தனியே வருவதை எண்ணி இல்லத்தரசி கலங்கினார். அது பொருளற்ற கலக்கமன்று. மாலை ஏழுக்குள் வீடு திரும்புவது, தாமதமானால் தொலைபேசியில் சொல்வது என்று தாயும் மகளும் உடன்படிக்கை செய்துகொண்டனர். வடக்கு வளாகத்தின் வரலாற்றுப் பாடங்கள் முதலிலும், வெங்கடேசுவரா அடுத்தும் பட்டியலில் ஏறின. பாட்டிக்குச் சொல்லும் பொறுப்பு நம்முடையதாயிற்று. அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நீ கும்பகோணத்தைவிட்டுப் போனபோது நான் தடுக்கவில்லையே" என்றார்.

இடம் கிடைத்தது, பட்டியலில் முதலாவதாக எழுதியதன்று, மூன்றாவது. ஆயினும் வடக்கு வளாகம், வரலாறு. காலையில் இருவரும் ஒரே வண்டியில் செல்கிறோம்: அவள் மகளிர் பெட்டியில், நாம் பொதுப் பெட்டியில். மத்தியச் செயலகத்தில் நாம் இறங்கிவிட, அவள் இன்னும் ஒன்பது நிலையங்கள் செல்கிறாள்.

சங்கத்தாரிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இந்நகரின் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் பலர் படிக்கின்றனர். ஆண்டுக்கொருமுறை அவர்களே, பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி தங்கையரை அழைத்துச் சென்று வளாகங்களைக் காட்டலாமே. சங்கம் நாள் குறித்துக் கொடுத்தால் போதும்; செலவு மெட்ரோக் கட்டணம் மட்டுமே. பெற்றோரும் உடன் செல்லட்டும். வாயிலில் அமர்ந்திருக்க நேர்ந்தாலும் அவர்களுக்கும் காண வேண்டியவை அங்கே உண்டு.